பொறுப்பு ஒப்படைப்பு

நிரஞ்சனா,
திங்கட்கிழமை நீங்கள் வரும்போது
நான் இளையான்குடியில் இருப்பேன்.
பீரோ சாவி தலைமையாசிரியரிடம்.
நாற்காலி இரண்டு, ஒன்றுக்கு மூன்று கால்.
உலக உருண்டை ஒன்று, ஆப்பிரிக்காப் பக்கம் நசுங்கியது.
தராசு: இல்லை.
எல்லாம் பட்டியலில் இருக்கிறது,
மூன்று பிரதி, கையெழுத்து, முத்திரை.

பட்டியலில் ஏறாததைப்
பேருந்துக்கு நிற்கும் இந்த அரைமணி நேரத்தில்
எழுதுகிறேன்.

புதுவயலில் காற்றே
அவித்த நெல்லின் வாசத்தோடுதான் வரும்.
மேற்கு ஜன்னலைத் திறந்தால் உமிச்சாம்பல்
வருகைப் பதிவேட்டில் வந்து உட்காரும்.
நான்கு மாதம் நான் மூடியே வைத்திருந்தேன்.
நீங்கள் மூடாதீர்கள்.
அந்தப் பக்கத்து மில் களத்தில்தான்
இவர்களுடைய அம்மாக்கள்
கொதிக்கும் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு
நடக்கிறார்கள்.

ஏழாம் வகுப்பு. விழுக்காடு.
கரும்பலகையில் ஒரு வியாபாரி
இருநூறுக்கு வாங்கிய கடிகாரத்தை
இருநூற்றைம்பதுக்கு விற்றுக்கொண்டிருந்தான்.
பதினாறு வருடமாக அதே கடிகாரம்.
மூன்றாம் பெஞ்சிலிருந்து அடைக்கலமேரி:
"ஊறவச்ச நெல்லு எத்தன விழுக்காடு
கனம் கூடும் டீச்சர்?"
அது பாடத்தில் இல்லை என்றேன்.

மூன்றே சொல்.
பிறகு இருபத்திரண்டு நாள்
அவள் எதுவும் கேட்கவில்லை.
நான் எண்ணிக்கொண்டிருந்தது
அவளுக்குத் தெரியாது.

இருபத்துமூன்றாம் நாள்
நாச்சியப்பன் கடையில் தராசு கேட்டேன்.
"வாத்தியாரம்மா, கடை வைக்கப் போறியளா?"
சிரித்துக்கொண்டே
எடைக்கற்களையும் பையில் போட்டுத் தந்தார்.

ஒரு கிலோ நெல். ஒரு வாளித் தண்ணீர். ஓர் இரவு.
காலையில் ஒரு கிலோ இருநூற்றெழுபது.
"இருபத்தேழு!" என்று கத்தியவன் சேவுகன்,
விழுக்காடு என்றாலே
ஒன்றுக்குப் போக அனுமதி கேட்பவன்.
அடைக்கலமேரி கத்தவில்லை.
தட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்து,
"மேல ஒட்டுன தண்ணிய நீங்க வடிக்கல டீச்சர்.
எங்கம்மா இத ஒத்துக்காது" என்றாள்.

வடித்தோம். மறுபடி நிறுத்தோம்.
எவ்வளவு வந்தது என்று சொல்லமாட்டேன்.
நீங்களும் ஒரு வாளி ஊறவையுங்கள்.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் நடந்தது.
இரண்டு மாதமாக வாய் திறக்காத பிகாஷ்,
மூட்டை தூக்க வந்தவரின் மகன்,
ஈர நெல்லை அள்ளி "தான" என்றான்.
அவர்கள் ஊர் ஒடியாவில் நெல்லுக்கு அதுதான் பேராம்.
நம் தானியத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போல
இருக்கிறதே என்றேன்.
இரண்டையும் பலகையில் அருகருகே எழுதினேன்.
அதற்குப் பிறகுதான்
அவன் பேரை நான் தப்பாகக் கூப்பிட்டு வந்ததைத்
திருத்தினான்.

தினமும் இப்படி இருக்காது.
பெரும்பாலான காலைகள்
எமிஸ் செயலி சுற்றுவதைப் பார்த்தபடி போகும்.
முட்டைக் கணக்கு இடிக்கும்.
பார்வைக்கு வருபவர்
சுவரில் அட்டைகள் இருக்கின்றனவா என்று மட்டும்
பார்த்துவிட்டுத் தேநீர் குடிப்பார்.
நானும் அலுத்த நாட்களில்
கடிகாரக்காரனிடமே திரும்பிப் போயிருக்கிறேன்.
அவனும் பிழைக்க வேண்டுமே.
அதற்காக இரவில் உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.
திட்டு வாங்கிய வாத்தியார் மறுநாள் காலையில்
யாரையாவது திட்டத்தான் செய்வார்.

பலகையின் இடது ஓரத்தில்
சேவுகன் கையெழுத்தில் ஒரு வரி இருக்கும்:
மில் சங்கு ஊதுறப்ப
நாய் மட்டும் ஏன் சேர்ந்து ஊளையிடுது?
எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.
ஐந்து வாரமாகச் சுற்றிச் சுற்றித் துடைக்கிறார்கள்,
அந்த வரியில் துணி படாமல்.

பேருந்து வருகிறது.
தராசு, பீரோவுக்குப் பின்னால்,
சாக்குக்கு அடியில்.
நாச்சியப்பன் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.
பட்டியலில்
இல்லை என்றே இருக்கட்டும்.